ஒரு தோல், எத்தனை துறை!

(தியாகராய நகரில் ஆய்வு மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய வாசிப்புக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



பல்கலைக்கழகங்களில் எத்தனை விதமான ஆராய்ச்சிகள் நடக்கின்றன, அவற்றில் நம் பிள்ளைகளுக்கு என்ன வேலை என்று பேசச் சொன்னார்கள். நான் பேராசிரியர் இல்லை. வங்கியில் கிளார்க். காலை பத்து மணிக்குக் கவுண்ட்டரில் உட்கார்ந்தால் அடுத்தவர் பணத்தை எண்ணுகிறவன். ராத்திரியில் கவிதை எழுதுகிறவன். ஆராய்ச்சியைப் பற்றிப் பேச உனக்கென்ன யோக்கியதை என்று கேட்டால் என்னிடம் ஒரே பதில்தான் இருக்கு. எங்க தாத்தா பல்லாவரம் பக்கம் ஒரு டேனரியில் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்தவர். அவர் கையில் இருந்த பொருளைத்தான் இந்தத் தென்சென்னையில் பெரிய பெரிய மூளைகள் எல்லாம் எடுத்து ஆராய்ந்திருக்கின்றன. அந்த வீட்டுப் பையன் என்ற உரிமையில் பேசறேன்.

துறைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டு போனால் அது பல்கலைக்கழகக் கையேடு மாதிரி ஆகிவிடும். அதனால் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். மாட்டுத்தோல். நீங்கள் இங்கே வரும்போது பாண்டி பஜாரில் செருப்புக் கடைகளைத் தாண்டித்தான் வந்திருப்பீர்கள். அங்கே கண்ணாடிக்குள் பளபளக்கிற தோல் எத்தனை துறைகளின் வாசலை மிதித்துவிட்டு வந்திருக்கிறது என்று பார்ப்போம். எந்த வாசலில் யார் நின்றார்கள், யார் உள்ளே போனார்கள் என்பதையும் பார்ப்போம்.

அடையாறு சர்தார் பட்டேல் சாலைக்குப் போங்கள். ஒரு டவுன் பஸ் டிக்கெட் போதும். ஒரு பக்கம் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், அண்ணா பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம். எதிர்ப்பக்கம் ஐ.ஐ.டி. கொஞ்சம் தள்ளிக் காந்தி நகரில் எம்.ஐ.டி.எஸ். என்கிற சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம். தெற்கே தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், ரோஜா முத்தையா நூலகம். வேதியியல், இயற்பியல், பொறியியல், பொருளியல், கணிதம், தமிழ் எல்லாம் நடந்தே போகிற தூரத்தில். நடுவில் இருக்கும் சுவர்கள்தான் உயரம்.

தோல் ஆராய்ச்சி நிலையம் 1948இல் தொடங்கப்பட்டது. 1958இல் நாயுடம்மா அதன் இயக்குநரானார். தோல் விஞ்ஞானம் என்றால் உலகம் சென்னையைத் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அது வளர்ந்தது. அங்கே என்ன ஆராய்ந்தார்கள்? எங்க தாத்தா செய்ததைத்தான். பச்சைத்தோல் அழுகாமல் இருக்க உப்புப் போடணும். தண்ணீரில் ஊறவைக்கணும். சுண்ணாம்புக் குழியில் போட்டு மயிரைக் கழிக்கணும். ஒட்டியிருக்கிற சதையைச் சீவணும். அப்புறம் ஆவாரம்பட்டை, கடைசியில் கடுக்காய். இந்த ஆவாரம்பட்டைத் தோல்தான் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் கப்பலேறி லண்டன் சந்தைக்குப் போனது. பிறகு குரோமியம் வந்தது. குரோம்பேட்டை என்று ஒரு ஊருக்கே பெயர் வைக்கிற அளவுக்கு வந்தது.

பட்டையில் இருக்கும் டானின், தோலில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக் கட்டிவிடுகிறது, அதனால் அழுகல் நிற்கிறது என்று வேதியியல் விளக்கியது. சுண்ணாம்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தாத்தா கட்டை விரலால் அழுத்திப் பார்த்துச் சொல்லுவார். வேதியியலுக்கு மீட்டர் இருந்தது. நான் இரண்டையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. விரல் சொன்னதை ஏன் என்று கேட்டு, அளந்து, எழுதி, அடுத்தவன் சோதித்துப் பார்க்கும்படி வைத்தால்தான் அது விஞ்ஞானம். தாத்தாவுக்கு அந்த ஏன் கேட்கிற நேரமும் எழுத்தும் கொடுக்கப்படவில்லை. அதுதான் நம்முடைய வழக்கு.

சுண்ணாம்புக்கும் சல்பைடுக்கும் பதிலாக நொதிகளைக் கொண்டு மயிர் நீக்கும் முறைகளை அதே நிலையத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் ஒரு கேள்வி கேட்கணும். சுண்ணாம்பைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? கழிவுநீரைப் பற்றிய கவலையிலிருந்தா, குழியில் நின்றவன் கையிலும் காலிலும் வந்த புண்ணிலிருந்தா? ஒரே ஆராய்ச்சிதான். கேள்வி எங்கிருந்து கிளம்புகிறது என்பதைப் பொறுத்து அது முதலில் எதை அளக்கும் என்பது மாறும்.

அந்த நிலையத்தின் பக்கத்து வளாகத்துக்கு வாருங்கள். 1952இல் ஜி.என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்தார். சி.வி. ராமனின் மாணவர். அந்த வருடம் சென்னைக்கு வந்த ஜே.டி. பெர்னால், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனார். கொலாஜன் என்பது வேறொன்றும் இல்லை. தோல், தசைநார், எலும்பு இவற்றைக் கட்டி நிறுத்துகிற புரதம். ராமச்சந்திரனுக்குக் கொலாஜன் மாதிரி வேண்டியிருந்தது. தோல் நிலையம் பக்கத்திலேயே இருந்தது. 1954இல் அவரும் கோபிநாத் கர்த்தாவும் அந்த அமைப்பை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிய கயிறு மாதிரி. அடுத்த வருடமே அதைத் திருத்தி இன்னும் துல்லியமாக்கினார்கள். இன்று உலகத்தில் எந்த உயிர்வேதியியல் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் இந்த முச்சுருள் இருக்கும். கிண்டியில் கண்டுபிடித்தது.

இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமைதான். தோழர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். தொட்டால் தீட்டு என்று ஊர் ஒதுக்கிவைத்த அந்தத் தோலின் உள்ளே எக்ஸ்-கதிர் போய்ப் பார்த்தது. அங்கே தீட்டு இல்லை. மூன்று இழைகள் இருந்தன. மாட்டுத் தோலிலும் அதே கொலாஜன், அர்ச்சகர் தோலிலும் அதே கொலாஜன். சாதிக்கு எதிராக இதைவிடச் சுத்தமான ஒரு சாட்சியம் வேறெங்கே கிடைக்கும்? அதை நம் மேடைகளில் நாம் சொன்னதுண்டா?

ராமச்சந்திரனின் குரு ராமனையும் இதே தோல்தான் இழுத்தது. ராமன் மாநிலக் கல்லூரி மாணவர். 1907லிருந்து பத்து வருடம் அரசாங்கக் கணக்குத் துறையில் உத்தியோகம். ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி. வங்கிக்காரனான எனக்கு இந்த விஷயம் ரொம்பப் பிடிக்கும். 1920இல் அவர் இன்னொருவரோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் மிருதங்கம், தபலா பற்றி எழுதினார். சாதாரண முரசில் அடித்தால் எழுகிற மேல்சுரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது, இரைச்சலாகத்தான் கேட்கும். மிருதங்கத்தில் வலந்தலையின் நடுவே கறுப்பாகச் 'சாதம்' வைக்கிறார்களே, அந்தப் பாரம் மேல்சுரங்களை ஒழுங்கான விகிதத்துக்குக் கொண்டு வந்துவிடுகிறது. தோல் தந்தி மாதிரிப் பாடுகிறது. இதுதான் அவர் கண்டது.

ராமன் அதை விளக்கினார். சாதத்தை அரைத்து, அடுக்கடுக்காகத் தேய்த்து, காதை வைத்துச் சரிபார்த்து வைத்தவர் யார்? பசுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் மூன்றையும் பதம் பார்த்து எடுத்தவர் யார்? மயிலாப்பூர் சபாக்களில் மார்கழி பூராவும் அந்த வாத்தியம் ஒலிக்கிறது. பாடுகிறவர் பேர் தெரியும். வாசிக்கிறவர் பேர் தெரியும். செய்தவர் பேர்? சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறை 1932இல் வந்தது. மிருதங்கம் செய்கிறவர்களின் குடும்பங்களைத் தேடிப்போய் டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூல் வந்தது 2020இல். ராமன் எழுதி நூறு வருடம் கழித்து. அந்தப் புத்தகத்தின் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்கத்தைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. தரமணியில் இதழியல் கல்லூரி ஒன்றில் வெளியீடு நடந்தது. தோலின் ஒலியை ஆராயலாம், தோலைத் தொட்டவனைப் பற்றிப் பேசினால் அரங்கம் கிடைப்பதில்லை.

இந்த இடத்தில் நம் இயக்கத்துக்குள்ளேயே இருக்கிற ஒரு வாக்குவாதத்தைச் சொல்லிவிட வேண்டும். 1927இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர், செத்த மாட்டைத் தின்பதையும் இழிவு சுமத்துகிற வேலைகளையும் விட்டுவிடுங்கள் என்று நம் மக்களிடம் சொன்னார். அதே உணர்வில் தமிழ்நாட்டில் பல சேரிகளில் பறையடிக்க மாட்டோம் என்று பறையை எரித்தவர்கள் உண்டு. பிறகு தொண்ணூறுகளில் கலைவிழாக்களில் பறை நம் விடுதலைக் கருவியாக மேடையேறியது. இரண்டு பக்கமும் நம் ஆட்கள்தான். இரண்டிலும் நியாயம் இருக்கு. 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக நம் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதன் பிறகு அங்கே செத்த மாட்டைத் தூக்க மாட்டோம் என்று மக்கள் நின்றதும் நியாயம்தான்.

நான் சொல்வது இதுதான். வேலையை விடலாம். கட்டாயத்தை உடைத்தே ஆக வேண்டும். ஆனால் அந்த வேலைக்குள் இருந்த அறிவை விட்டுவிட்டு வரக்கூடாது. நாம் கீழே போட்ட தோலை அடையாற்றில் எடுத்து வைத்துக்கொண்டு டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். பறையைத் தீயில் காய்ச்சுகிறோம். ஈரம் வெளியேறுகிறது, தோலின் இழுவிசை கூடுகிறது, சுருதி ஏறுகிறது. எவ்வளவு சூட்டில் எவ்வளவு ஏறுகிறது? எந்தத் தோலில் எவ்வளவு நேரம் நிற்கிறது? காய்ச்சத் தெரிந்தவரின் மகளோ மகனோ ஒலியியல் படித்து அதை அளந்து எழுதினால், அது ராமனின் 1920 கட்டுரைக்கு அடுத்த பக்கம்.

தோல் டேனரிக்கு வருமுன் மாடு கிராமத்தில் இருந்தது. அதை மேய்த்தவன், செத்தபோது தூக்கினவன் அங்கே யார், அவனுக்கு என்ன கூலி? இது பொருளியல் துறை. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். புத்தகத்தைப் படித்தது போதும், உன் கிராமத்துக்குப் போய் நிலம் யாரிடம், கடன் யாருக்கு என்று எழுதிக்கொண்டு வா என்றார். அந்த ஆய்வு 1918இல் புத்தகமாயிற்று. இருவேல்பட்டு, துசி, வடமலைபுரம், பாலக்குறிச்சி, கங்கைகொண்டான் என்று ஊர்கள். இன்றைய விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டில் கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாக நிலக்காரனிடம் கட்டுண்டு கிடந்த படியாட்களைப் பற்றி அதில் பதிவு இருக்கிறது. 1936-37இல் அதே ஊர்களுக்கு மறுபடி போனார்கள். 1980களில் எம்.ஐ.டி.எஸ். ஆட்கள் போனார்கள். 2008 வரைக்கும் இருவேல்பட்டில் நடந்ததை வைத்து 2010இல் ஒரு கட்டுரை வந்தது. உலகத்தில் ஒரே கிராமத்தைத் தொண்ணூறு வருடத்துக்கு மேல் திரும்பத் திரும்பப் பார்த்த ஆய்வுகள் அதிகமில்லை. படியாள் முறை எப்படிக் கரைந்தது, நிலக்காரனின் பிடி எப்படித் தளர்ந்தது என்பதற்கு அதில் கணக்கு இருக்கு.

அதே 1916ஆம் வருடம், மே 9ஆம் தேதி, நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், மானிடவியல் கருத்தரங்கில், இருபத்தைந்து வயது மாணவர் ஒருவர் இந்தியாவில் சாதிகள் பற்றிக் கட்டுரை படித்தார். பீமாராவ் ராம்ஜி அம்பேத்கர். இங்கே சென்னையில் மாணவர்கள் படியாட்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள், எண்ணப்பட்ட சமூகத்திலிருந்து ஒருவர் அங்கே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்று நாம் பேசவேண்டிய மொத்த விஷயமும் அதற்குள் இருக்கு.

அண்ணல் எத்தனை துறைகளில் நடந்தார் என்று கணக்கெடுங்கள். கொலம்பியாவில் பொருளியல், சமூகவியல், வரலாறு, தத்துவம், மானிடவியல். லண்டனில் டி.எஸ்ஸி. பட்டத்துக்கு எழுதியது ரூபாயின் பிரச்சினை பற்றி, 1923இல் புத்தகமானது. 1925இல் மாகாண நிதி பற்றி இன்னொரு புத்தகம். கிரேஸ் இன்னில் சட்டம். பிறகு 1948இல், அடையாற்றில் தோல் நிலையம் தொடங்கிய அதே வருடத்தில், தீண்டப்படாதார் யார், எப்படி அப்படி ஆக்கப்பட்டார்கள் என்று ஒரு நூல். செத்த மாட்டின் இறைச்சி அதில் ஒரு முக்கியமான தடயம். அந்த நூலை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளர் மூவருக்கும் காணிக்கையாக்கினார். ஆக தோல் அங்கேயும் வந்துவிட்டது, இந்த முறை வரலாற்றுத் துறை வழியாக.

நான் தினமும் எண்ணுகிற ரூபாயைப் பற்றி ஆராய்ந்தவர் அவர். 'நீ சாதியைப் பற்றி மட்டும் எழுது' என்று யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். இன்று நம் பிள்ளைகளிடம் அதைத்தான் சொல்கிறார்கள். தமிழ்த் துறைக்குப் போனால் 'தலித் நாவல்களில் பெண் பாத்திரங்கள்' என்று தலைப்பைக் கையில் கொடுக்கிறார்கள். சமூகவியலுக்குப் போனால் உன் சேரியையே ஆய்வு செய் என்கிறார்கள். கணிதத்துக்கோ அணு இயற்பியலுக்கோ போனால், உனக்கு எதுக்குப்பா இது, கஷ்டமாச்சே என்கிறார்கள். இந்த வேலைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தலித் இலக்கிய ஆய்வை நம்மைவிட யார் நன்றாகச் செய்வார்கள்? ஆனால் அது நாம் தேர்ந்தெடுத்ததாக இருக்கணும். ஊருக்கு வெளியே ஒரு மூலையில் இடம் ஒதுக்கியதுபோல் அறிவுக்குள்ளும் ஒரு மூலை ஒதுக்கினால் அதற்குப் பெயர் சேரிதான்.

இன்னொரு பக்கம் நம் தோழர்களே ஒரு கேள்வி கேட்கிறார்கள். இயக்கத்துக்கு ஆராய்ச்சி எதற்கு, களத்தில் நிற்க ஆள் இல்லையே என்கிறார்கள். சரி, களத்திலிருந்தே சொல்றேன். செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அதன் விளைவாக 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்தத் தாள்கள் ஆவணக் காப்பகத்தில் தூங்கின. நூறு வருடம் கழித்து அவற்றைத் தட்டி எழுப்பியபோது அது நில மீட்புப் போராட்டமானது. 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். பழைய தாள் ஒன்றைப் படிப்பது களவேலை இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

மறுபடி தோலுக்கே வருவோம். டேனரிக் கழிவு பாலாற்றில் போனது. திண்டுக்கல்லில் கிணறுகளில் இறங்கியது. 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவனே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. இன்று சட்டக் கல்லூரிகளில் எல்லோரும் அதைப் படிக்கிறார்கள். அந்தத் தீர்ப்புக்குள் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. ஒன்று, வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் சொன்னது: டேனரிகள் இருக்கும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பயிருக்கு ஆகாமல் போய்விட்டது. இரண்டாவது, ஒரு தொண்டு அமைப்பு திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் எடுத்த கணக்கு: 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன. இந்த இரண்டாவது கணக்குக்குப் பல்கலைக்கழகம் தேவைப்படவில்லை. ஒவ்வொரு கிணறாகப் போய்ப் பார்த்து எழுத ஆள் தேவைப்பட்டது. நீதிபதி இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்தார்.

ஆனால் கிணறு எண்ணப்பட்டது, ஆள் எண்ணப்பட்டானா? 2015 ஜனவரி 31 விடியற்காலையில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் கழிவு பாய்ந்து, 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்தச் சுவரின் உறுதி கட்டுமானப் பொறியியல். தொட்டிக்குப் பக்கத்தில் அவர்கள் ஏன் தூங்கினார்கள் என்பது பொருளியல். அவர்கள் அங்கிருந்து இங்கே வந்தது மக்கள்தொகையியல். யார் பொறுப்பு என்பது சட்டம். பல்கலைக்கழகத்தில் இவை நான்கு கட்டடங்கள். சாவு ஒன்றுதான். நாலு கட்டடத்தையும் ஒரே ஆளாகச் சுற்றி வரக்கூடிய ஆய்வாளர் நமக்கு வேண்டும்.

ஐ.ஐ.டி. வாசலையும் பார்த்துவிடுவோம். 1959இல் தொடங்கியது. மலக்குழிக்குள் மனிதன் இறங்காமல் சுத்தம் செய்கிற ஒரு ரோபோவை அங்கே உருவாக்கினார்கள். 2022இல் முதல் கருவிகளைக் களத்துக்குக் கொடுத்தார்கள். சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தோழர்களோடு சேர்ந்து, குழிக்குள் இறங்கிச் செத்தவர்களின் மனைவியர் முன்னின்று நடத்தும் சுய உதவிக் குழுக்களுக்குக் கொடுத்தார்கள். அதைச் செய்தவர்களை நான் மனசாரப் பாராட்டுகிறேன். ஆனால் 1959க்கும் 2022க்கும் நடுவே 63 வருடம். மலம் அள்ளும் தொழிலுக்கு எதிராக 1993இலும் 2013இலும் இரண்டு சட்டங்கள் வந்துபோயின. இயந்திரவியல் துறைக்கு அறிவு போதாமலா இத்தனை காலம் ஆயிற்று? அந்தக் கேள்வி அந்த வளாகத்துக்குள் போகவே அத்தனை காலம் ஆனது. அதே வளாகத்தில் 2015 மே மாதம் அம்பேத்கர் பெரியார் வாசிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தை ரத்து செய்தார்கள், நாடே கேட்டபிறகு ஜூனில் திருப்பிக் கொடுத்தார்கள். மாணவர் வட்டம் என்பது பொழுதுபோக்கு இல்லை தோழர்களே. ஆராய்ச்சிக் கேள்வி பிறக்கிற இடம் அது.

இதற்கு மயிலாப்பூரே சாட்சி. லஸ் பக்கம் 'ஏகாம்ர நிவாஸ்' என்று ஒரு வீடு. அல்லாடி கிருஷ்ணசாமி ஐயருடையது. அண்ணல் தலைமை தாங்கிய அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்தவர் அவர். அவருடைய மகன் ராமகிருஷ்ணன் இயற்பியலாளர். பல்கலைக்கழகத்தில் தான் நினைத்தபடி இடம் கிடைக்காததால், ஐம்பதுகளின் கடைசியில் அந்த வீட்டுக் கூடத்திலேயே மாணவர்களை உட்காரவைத்துக் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு நடத்தினார். 1960இல் நீல்ஸ் போர் வந்து பார்த்துவிட்டுப் புகழ்ந்தார். 1962 ஜனவரி 3இல் கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. ஒரு கூடம், ஒரு கரும்பலகை, வந்து உட்கார நேரம் உள்ள பிள்ளைகள், வாசலில் வந்திறங்குகிற விருந்தாளிகள். இந்த நாலும் இருந்தால் வீடு நிறுவனமாகும்.

நமக்கும் ஒரு வீடு இருந்தது. மும்பை தாதரில் அண்ணல் புத்தகங்களுக்காகவே கட்டிய ராஜகிருகம். ஆனால் நம்மில் பலருக்குக் கூடம் கிடையாது, ஒற்றை அறைதான். மயிலாப்பூர்க் கூடத்தில் பிறந்த நிறுவனம் இன்று மத்திய அரசுப் பணத்தில் தரமணியில் நடக்கிறது. 2019இல் மத்தியக் கல்வி நிறுவனங்களில் ஆசிரியர் பணிக்கு இடஒதுக்கீடு பற்றி ஒரு சட்டம் வந்தது. அதன் இணைப்பில் ஒதுக்கீடு பொருந்தாத நிறுவனங்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. இந்த நிறுவனமும் அதில் இருக்கிறது. பணம் பொது, நாற்காலி பொது இல்லை. இதைக் கேட்காமல் துறைகளின் பன்மையைப் பற்றி மட்டும் பேசுவது, பந்தியில் எத்தனை பலகாரம் என்று எண்ணிவிட்டு யார் உட்கார்ந்தார்கள் என்று பார்க்காமல் வருவது மாதிரி.

உள்ளே போனவர்களுக்கு என்ன நடக்கிறது என்றும் நமக்குத் தெரியும். 2016 ஜனவரி 17இல் ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா செத்துப்போனார். அவர் ஆக விரும்பியது அறிவியல் எழுத்தாளர். நட்சத்திரங்களைப் பற்றி எழுத விரும்பிய பையனிடம் சாதிச் சான்றிதழ் பற்றியே நாடு பேசிக்கொண்டிருந்தது. அந்தக் கோபம் எனக்குள் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் நான் உங்களைப் பயப்படச் சொல்ல மாட்டேன். போங்கள். தனியாகப் போகாதீர்கள், வட்டமாகப் போங்கள். பட்டியல் சாதி ஆய்வாளர்களுக்கான தேசிய உதவித்தொகை 2005-06லிருந்து இருக்கிறது. விண்ணப்பம் போட முந்தின வருடம் வாங்கியவரைப் பிடியுங்கள். பணம் தாமதமானால் ஒருவர் எழுதாமல் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு எழுதுங்கள். வங்கியில் கணக்குத் திறக்கிற காரியமெல்லாம் என்னிடம் விடுங்கள்.

கடைசியாக, வேலையைப் பிரித்துக்கொள்வோம். இங்கே தமிழ் படிக்கிறவர் யார்? சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேல் சொற்கள். பல்லாவரத்திலோ ஆம்பூரிலோ தோல் வேலை பார்த்த பெரியவர்களிடம் ஒரு வாரம் உட்காருங்கள். குழிக்கு, கத்திக்கு, தோலின் ஒவ்வொரு பாகத்துக்கும் அவர்கள் சொல்கிற சொல்லை எழுதுங்கள். பிறகு அகராதியைப் புரட்டி எத்தனை சொல் உள்ளே இருக்கிறது, எத்தனை வெளியே நிற்கிறது என்று கணக்கெடுங்கள். அந்தக் கணக்கே ஓர் ஆய்வேடு. வேதியியல் படிக்கிறவர் ஆவாரம்பட்டைக்குத் திரும்புங்கள். குரோமியம் இல்லாமல் தோல் பதனிடுவது இன்று உலகம் கேட்கிற கேள்வி, அதற்கான பாதி விடை உங்கள் தாத்தாவுக்குத் தெரிந்திருந்தது. சட்டம் படிக்கிறவர் 1996 தீர்ப்பை எடுத்து, கிணறுகளுக்குச் சொன்ன ஈடு ஆட்களுக்குச் சொல்லப்பட்டதா என்று பாருங்கள். மருத்துவம் படிக்கிறவர் தொழிலாளர் கையைப் பாருங்கள். கணிதம் படிக்கிறவர் கணிதமே படியுங்கள். சேரிக்கு அதனால் என்ன லாபம் என்று யாரும் உங்களைக் கேட்க விடமாட்டோம். சேரிப் பிள்ளை சுத்தக் கணிதம் படிப்பதே லாபம்தான்.

அடுத்த மாதம் இதே இடத்தில் கூடும்போது ஒவ்வொருவரும் தங்கள் துறையிலிருந்து ஒரே ஒரு கேள்வி எழுதிக்கொண்டு வர வேண்டும். உங்கள் பேராசிரியர் இதுவரை கேட்காத கேள்வியாக, உங்கள் வீட்டில் யாராவது ஒருவருக்குப் புரியக்கூடிய கேள்வியாக அது இருக்க வேண்டும். வீட்டில் சொல்லிக் காட்டிவிட்டு வாருங்கள். அம்மா என்ன சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதிக்கொண்டு வாருங்கள்.

ஜெய் பீம்.